மூன்று வழக்குகள், ஒரு வகுப்பறை: காலநிலைக் கல்வியின் மெய்யியல் பற்றி



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குக் காலநிலைக் கல்வியின் மெய்யியல் என்று தலைப்பு அறிவித்தவுடன், காரியாபட்டியில் பேச வேண்டிய பேச்சா இது என்று நம் தோழர்களே சிலர் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. கூலிப் பிரச்சினை, மயானப் பாதைப் பிரச்சினை, உதவித்தொகை நிலுவை என்று அன்றாட வேலைகள் கையில் குவிந்து கிடக்கும்போது வானத்தைப் பற்றிப் பேசுவது வசதியானவர்களின் பொழுதுபோக்காகத் தோன்றும்.

மெய்யியல் என்ற சொல்லைக் கண்டு விலக வேண்டியதில்லை. எது உண்மை, அதை அறிந்தவர் யார், அறிந்த பின் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற மூன்று கேள்விகளுக்குள் அதன் பெரும்பகுதி அடங்கிவிடும். இந்த மூன்றுக்கும் சாதி நெடுங்காலமாகத் தன் விடைகளை எழுதி வைத்திருக்கிறது. காலநிலை மாற்றத்தைப் பள்ளியில் எப்படிக் கற்பிப்பது என்ற விவாதத்தில் நாம் இல்லாமல் போனால், அந்தப் பழைய விடைகளே புதிய பாடநூலில் அச்சாகும்.

நம் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தியப் பள்ளிக்குள் சுற்றுச்சூழல் கல்வி நுழைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. இந்த மாவட்டத்தின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளிலிருந்து குழந்தைகள் பள்ளிக்குள் நுழைந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நீதிமன்றத்தில், ஒரே வழக்கறிஞரின் மனுக்களால் நடந்தவை. ஆனாலும் இரண்டையும் சேர்த்து வாசிக்கும் வகுப்பறை இன்னும் உருவாகவில்லை. அது உருவாகாதவரை காலநிலைக் கல்வி நம் பிள்ளைகளுக்குக் குற்றவுணர்வைக் கொடுக்குமே தவிர அறிவைக் கொடுக்காது.

வானம் பார்த்த பூமி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் மாவட்டம் இது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது அதன் கரிசலையும் கண்மாய்களையும் வறட்சியையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது. தென்மேற்குப் பருவமழை நமக்கு மேகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகும். வடகிழக்குப் பருவமழைதான் சோறு. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மானாவாரியில் சோளம், பருத்தி, உளுந்து. அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது. இந்த வரிசையைக் காரியாபட்டி வட்டாரத்தில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்.

வறட்சி ஒரு துயரம் மட்டுமாக இங்கே இருந்துவிடவில்லை. அது மூலதனமாகவும் மாறியது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு இங்கே தொழில் தொடங்கியது. தீக்குச்சி காய்வதற்கும் காகிதக் குழாய் காய்வதற்கும் ஈரமில்லாத காற்று வேண்டும்; நீண்ட வெயில் வேண்டும். குறைந்த கூலிக்கு வரும் கைகளும் வேண்டும். மழை பொய்த்த நிலம் இரண்டையும் ஒருசேரக் கொடுத்தது. ‘குட்டி ஜப்பான்’ என்ற பெருமைப் பேச்சுக்குள் இந்தக் காலநிலைக் கணக்கு மறைந்து கிடக்கிறது. விவசாயத்தைக் கைவிட வைத்த வானமே ஆலைக்கு ஆள் அனுப்பியது. இன்றும் விடியுமுன் வேன்கள் வந்து ஊர் ஊராய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன.

அந்தப் பழைய வானமும் இப்போது பழையபடி இல்லை. 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. ஏழாண்டு கழித்து, 2023 டிசம்பரில், நமக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் வீடுகள் மூழ்கின. வெப்பம் ஏறிய கடலிலிருந்து கூடுதல் ஈரம் காற்றில் ஏறுகிறது. பெய்யாமல் ஏய்ப்பதும் பெய்தால் கொட்டித் தீர்ப்பதும் அடிக்கடி நிகழக்கூடியவை ஆகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிட்டது, அதற்கு மனிதச் செயல்பாடே காரணம் என்று ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழு ஐயமின்றிச் சொல்லியிருக்கிறது. இது முதல் கேள்விக்கான விடை: எது உண்மை என்பதில் குழப்பமில்லை. குழப்பம் மற்ற இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

மூன்று குழந்தைகள்

உச்சநீதிமன்றத்தின் மூன்று வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். மூன்றிலும் மையத்தில் குழந்தை இருக்கிறது.

முதலாவது, சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா 1986இல் தொடுத்த வழக்கு. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1983இல், ஸ்மித்து கோத்தாரி ஓர் ஆய்விதழில் தீக்குச்சியில் படிந்த இரத்தத்தைப் பற்றி எழுதியிருந்தார். 1990இல் சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் வந்தது. அதே 1990 அக்டோபரில் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா அமர்வு ஓர் உத்தரவிட்டது. உற்பத்தியில் குழந்தைகள் கூடாது, பொதி கட்டும் வேலையில் இருக்கலாம், கூலி பெரியவர்கள் பெறுவதில் 60 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதாக அது நின்றது. அதாவது குழந்தை அப்போதும் தொழிலாளிதான். 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்புதான் திசையை மாற்றியது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் வேலை கொடுத்தவர் நிதியில் செலுத்த வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் அந்த நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவதும் எம்.சி. மேத்தாவின் மனுதான். 1991 நவம்பர் 22 அன்று அதே ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான அமர்வு, பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. திரையரங்குகளில் காட்சிக்கு இரண்டு விழிப்புணர்வு ஸ்லைடாவது இலவசமாகக் காட்டச் சொன்னது. பன்னிரண்டு ஆண்டு அது ஏட்டளவில் கிடந்தது. 2003இல் நீதிமன்றம் மீண்டும் இறுக்கிய பிறகே பாடத்திட்டம் வந்தது. பட்டப்படிப்பில் ஆறு மாதப் பாடமும் வந்தது. இன்று கல்லூரியில் சுற்றுச்சூழல் தாள் எழுதித் தேறும் ஒவ்வொரு மாணவரும் அந்த வழக்கின் வாரிசு.

மூன்றாவது, டெல்லியின் மூன்று பச்சிளங் குழந்தைகள் பெயரில் 2015இல் தொடுக்கப்பட்டது. தூய காற்றைச் சுவாசிக்கும் உரிமை கேட்ட மனு அது. 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது: பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டுமே. அதன் பின் சிவகாசி வட்டாரத்தில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சரம் பின்னிப் பிழைத்த பெண்களின் அடுப்பும் அணைந்தது.

முதல் வழக்கின் குழந்தைக்கு வேலை இருந்தது, பள்ளி இல்லை. இரண்டாவது வழக்கின் குழந்தைக்குப் பள்ளி இருந்தது, பாடம் இல்லை. மூன்றாவது வழக்கின் குழந்தைக்கு இரண்டும் கிடைக்கும், காற்று இல்லை. மூவரும் ஒரே நாட்டின் பிள்ளைகள். டெல்லிக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆபத்தான பேரியம், அதற்கு முன்பே அதைக் கலந்தவரின் நுரையீரலைத் தொட்டுவிட்டது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. 1996 தீர்ப்பில் குழந்தையை வேலையிலிருந்து எடுத்தால் குடும்பத்துக்கு என்ன என்ற கேள்வி இருந்தது, நிதி இருந்தது. 2018 தீர்ப்பு வாழ்வாதாரத்தையும் எடைபோட்டதாகச் சொன்னாலும், தொழிலாளிக்கென்று அப்படியொரு நிதி அதில் இல்லை. ஒரு மாற்றத்தின் சுமையை யார் தாங்குவது என்ற கேள்வி, காலநிலை மாற்றம் பற்றிய எல்லா விவாதங்களுக்கும் நடுவில் நிற்கும் கேள்வி. அது நம் மாவட்டத்துத் தெருவில் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படிக்கவில்லை, பட்டினியாகப் படித்தார்கள்.

மஞ்சப்பையும் மாசும் தீட்டும்

உலக அளவில் இந்தக் கல்வியின் கதை 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் தொடங்கி, 1977 திபிலிசி மாநாட்டில் வடிவம் பெற்றது. 1992இன் காலநிலை உடன்படிக்கையில் 6ஆம் பிரிவாகவும், 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் 12ஆம் பிரிவாகவும் நாடுகளின் கடமை ஆயிற்று. திபிலிசி அறிக்கை சமூகம், பொருளாதாரம், அரசியல் எல்லாவற்றையும் சேர்த்தே பேசியது. நம் வகுப்பறைக்கு அது வந்து சேர்ந்தபோது மரக்கன்றும் ஓவியப் போட்டியும் உறுதிமொழியும் மட்டும் மிஞ்சின.

அதன் பின்னால் ஒரு மெய்யியல் இருக்கிறது. பிரச்சினைக்குக் காரணம் தனிமனிதரின் பழக்கம், தீர்வு தனிமனிதரின் ஒழுக்கம் என்பது அது. நெகிழிப் பையைத் தவிர்ப்பதும் மஞ்சப்பை தூக்குவதும் நல்லவையே. அவற்றை நாம் எள்ளவில்லை. ஆனால் ஒரே பேருந்தில் போய், ஒரே சீருடையை மூன்றாண்டு உடுத்தி, விறகில் வெந்நீர் வைக்கும் வீட்டுப் பிள்ளையையும், அறைக்கு அறை குளிர்சாதனம் வைத்த வீட்டுப் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தி ‘பூமியை நாம் கெடுத்துவிட்டோம்’ என்று உறுதிமொழி எடுக்க வைப்பது என்ன நீதி? அந்த ‘நாம்’ ஒரு பொய். பொறுப்பை எல்லார் தலையிலும் சமமாகப் பிரித்துவிட்டால், அதிகம் எரித்தவர் தப்பிவிடுகிறார்.

இன்னொரு மெய்யியல், இயற்கையைத் தாயாகவும் தெய்வமாகவும் வணங்கச் சொல்வது. 1973இல் நார்வே அறிஞர் ஆர்னே நேஸ் முன்வைத்த ஆழ்சூழலியலுக்கு ராமச்சந்திர குஹா 1989இல் ஒரு மறுப்பு எழுதினார்: மனிதர் இல்லாத காட்டைப் போற்றும் பார்வை, காட்டை நம்பி வாழும் ஏழையை வெளியேற்றுவதில் போய் முடியும் என்றார். நம் ஊர் வடிவம் அதைவிட மென்மையானது. முன்னோர் ஐந்திணையாய் நிலத்தோடு இயைந்து வாழ்ந்தார்கள், ஊரே கூடிக் குளம் காத்தது என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த ஊரில் சேரி எங்கே இருந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். முகுல் சர்மா 2017இல் வெளியிட்ட ‘சாதியும் இயற்கையும்’ பற்றிய நூலில் இந்தப் போக்கைத்தான் சூழல்சாதியம் என்று அடையாளப்படுத்தினார்.

சொற்களையே கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் இரண்டு பொருளுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு: மாசு, தீட்டு. ஆலைக் கழிவு நீரில் கலந்தால் மாசு. நாம் தொட்டால் தீட்டு. மாசை அளக்கக் கருவி உண்டு. தீட்டை அளக்கும் கருவி சாதியின் மூளையில் மட்டுமே இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நீர்மாசு பற்றிய எந்தப் பாடத்தில் இதைச் சேர்ப்பீர்கள் என்று கல்வித் துறையைக் கேட்கிறோம். தூய்மையைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு, கழிவறை கழுவ எந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்பதையும் அந்தப் பாடத்தின் பகுதியாகவே நாம் வாசிக்க வேண்டும்.

கண்மாயின் மறுபக்கம்

வரலாற்றுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். வானம் பொய்த்தது உண்மை. பசிபிக் கடலின் எல் நினோ அதற்குக் காரணம் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. ஆனால் மழைக் குறைவு தானாகப் பிணமாவதில்லை. தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவரின் நாள் கூலியை ரிச்சர்ட் டெம்பிள் ஒரு பவுண்டு தானியமும் சில காசுமாகக் குறைத்தார். நிலமும் சேமிப்பும் இல்லாத சாதிகள் முதலில் விழுந்தன. மிஞ்சியவர் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினார்கள். அதே வெயில்தான் பண்ணையார் வீட்டுக் கூரையிலும் அடித்தது. குதிர் நிறைய நெல் இருந்த வீட்டில் அது பஞ்சமாகவில்லை.

அடுத்து, நாம் பெருமையோடு பேசும் கண்மாய். இப்பக்கத்துக் கண்மாய் முறையை ஆராய்ந்த டேவிட் மோஸ் தம் ‘நீரின் ஆட்சி’ நூலில் (2003) காட்டுவது இதைத்தான்: கண்மாய் நீரை மட்டும் பகிரவில்லை, மரியாதையையும் பகிர்ந்தது. மடை திறப்பதும் நீர் பாய்ச்சுவதும் கரை காப்பதும் பெரும்பாலும் தலித்துகளின் ஊழியமாக இருந்தன. ஆயக்கட்டு நிலம் வேறு கைகளில் இருந்தது. குடிமராமத்து என்று இன்று தித்திப்பாகச் சொல்வதற்குப் பின்னால் 1858இன் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமும் இருக்கிறது. ஊர் கூடித் தூர்வாரியது என்பதில் யார் மண்வெட்டி பிடித்தார், யார் வரப்பில் குடை பிடித்து நின்றார் என்பதை வரலாறு கேட்டாக வேண்டும்.

இதைச் சொல்வதால் கண்மாய் வேண்டாம் என்று நாம் சொல்வதாகாது. வானம் தாறுமாறாகும் காலத்தில் கண்மாயே நமக்குக் கவசம். மடையின் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் நாம். எந்தக் கலுங்கு எந்த மழையில் வழியும், எந்தக் கரை எங்கே கசியும் என்ற அறிவு நம் பாட்டன்மாரிடம் இருந்தது. அந்த அறிவை ஊழியமாகத் திரும்பக் கேட்டால் மறுப்போம். உரிமையாக, நிலத்தோடும் நீர்ப் பங்கோடும், பாசன சங்கத்தில் வாக்கோடும் கேட்டால் தருவோம். காலநிலைக்குத் தக்கபடி தகவமைத்துக்கொள்வது என்று திட்ட அறிக்கைகள் சொல்லும்போது நாம் போடும் நிபந்தனை இது.

குளத்துக்குச் சென்றவர்களின் கல்வி

நம் சூழல் மெய்யியல் இரவலாக வந்ததில்லை. 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் எவரையும் தடுக்கக்கூடாது என்றது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். பின்னர் ஆதிக்கச் சாதியினர் சாணமும் கோமியமும் ஊற்றி அந்தக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள். இந்தியச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் வரலாற்றை 1970களின் சிப்கோவில் தொடங்குகிற பாடநூல்கள் மகாத்தை அதில் சேர்ப்பதில்லை. பொது நீர் யாருடையது என்று கேட்ட போராட்டம் சூழல் போராட்டம் இல்லையென்றால் வேறெது?

அம்பேத்கர் கொலம்பியாவில் ஜான் டூயியிடம் பயின்றவர். ஜனநாயகமும் கல்வியும் பற்றிய டூயியின் நூல் 1916இல் வந்தது. ஜனநாயகம் என்பது ஆட்சி முறைக்கும் மேலாக, அனுபவங்களைப் பகிர்ந்து இணைந்து வாழும் முறை என்ற கருத்தை அம்பேத்கர் 1936இல் சாதியை நோக்கித் திருப்பினார்: பகிர முடியாதபடி பிரித்துவைப்பதே சாதியின் வேலை. 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை வகித்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தையும், 1945இல் மத்திய நீர்வழி, பாசன ஆணையத்தையும் உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. குளத்தில் கைவைக்க உரிமை கேட்டவர் ஒரு நாட்டின் ஆறுகளைத் திட்டமிடும் இடத்துக்கு வந்தார். ஒரு மாணவருக்குக் காலநிலைப் பாடத்தில் சொல்லித்தர இதைவிடப் பெரிய வரலாறு இருக்கிறதா?

தமிழ் மண்ணின் பௌத்தமும் நமக்கு உதவும். ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றுகிறது என்ற சார்புக் கோட்பாட்டை மணிமேகலை விரிவாகப் பேசுகிறது. அதே காப்பியம் பசியை நோயென்று கண்டு, அதைத் தீர்ப்பதை அறத்தின் முதல் வேலையாக வைக்கிறது. காரண காரியத் தொடரைச் சொல்லிக்கொடுக்கும்போதே பசியையும் சொல்லிக்கொடுப்பது நம் மரபு. கரியமிலவாயுவின் அளவைப் படிக்கும் பிள்ளை, அடுத்த வரியிலேயே யார் பட்டினி கிடப்பார் என்றும் படிக்க வேண்டும்.

அறிவு யாருடையது

இப்போது இரண்டாவது கேள்வி. பட்டாசு அறையில் மருந்து கலக்கும் ஒருவருக்கு வானிலை பற்றி என்ன தெரியும்? வெயில் ஏறுமுன் கலவையை முடிக்க வேண்டும் என்று தெரியும். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறும், முந்தைய நாள் மிச்சத்தை மழைக்கு மறுநாள் தொடக்கூடாது என்று தெரியும். காற்று வறண்டால் உராய்வுக்கே பொறி பறக்கும் என்று தெரியும். வெப்பமும் ஈரப்பதமும் அவருக்குச் செய்தி அறிக்கை அல்ல, உயிர். ஆனால் குத்தகைக்கு எடுத்தவர் அவசரப்படுத்தினால், அறைக்கு நான்கு பேர் என்ற விதி காற்றில் போனால், அவர் அறிந்தது அவரைக் காப்பாற்றுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். நம் காரியாபட்டிக்கு அருகே ஆவியூர்ப் பக்கம், 2024 மே நாளன்று, கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கில் மூன்று தொழிலாளர்கள். அறியாமையால் நேர்ந்தவை என்று இவற்றைச் சொல்வது எளிது. அறிந்தவருக்கு அதிகாரம் இல்லாததால் நேர்ந்தவை என்றே நாம் சொல்கிறோம்.

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு கோபால் குருவின் பெயர் தெரிந்திருக்கும். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு தரப்பிலும் அனுபவம் இன்னொரு தரப்பிலும் குவிந்து கிடப்பதை 2002இல் எழுதிய கட்டுரையில் அவர் கேள்விக்குள்ளாக்கினார். காலநிலை ஆய்விலும் அதுவே நடக்கிறது. சேரிக்கு வந்து படிவம் நிரப்பிப் போகிறார்கள். ‘பாதிக்கப்படக்கூடியோர்’ என்ற பத்தியில் நம்மைச் சேர்க்கிறார்கள். ‘அறிந்தோர்’ என்ற பத்தியில் சேர்ப்பதில்லை.

பாவ்லோ பிரெய்ரே சொன்னது, கற்பவரின் வாழ்விலிருந்து எழும் சொல்லையே முதல் பாடமாக்கு என்பது. தமிழ்நாட்டில் அதற்கு ஓர் உயிருள்ள உதாரணம் உண்டு. 1991இல் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தோடு சேர்த்துக் குவாரிக் குத்தகையையும் கணக்கையும் கற்றார்கள். குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். எழுத்தறிவு அங்கே உறுதிமொழியாக நின்றுவிடவில்லை, உடைமை உறவில் கைவைத்தது. காலநிலைக் கல்வி அந்த வழியில் போக வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்

ஒரு தெளிவு வேண்டும். நாம் பட்டாசின் வழக்கறிஞர்கள் இல்லை. நம் பெண்களைக் கருக்கும் ஒரு தொழில் என்றென்றும் வாழ வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கரிசலில் வேறு வேலை இல்லாமல் வைத்திருந்துவிட்டு, இருக்கும் வேலையையும் மாசு என்று சொல்லிப் பறிப்பதைத்தான் எதிர்க்கிறோம். மாற்றம் வரட்டும்; அதன் செலவை, இதுவரை லாபம் எடுத்தவரும் அரசும் ஏற்கட்டும். 1996 தீர்ப்பில் இருந்த தர்க்கம் அதுதான். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. தகரக் கூரையின் கீழும் குவாரிப் பள்ளத்திலும் சுருண்டு விழுபவரின் சாவு அந்தக் கணக்கில் ஏற வேண்டுமானால், அதைப் பதிவு செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடையே வேண்டும்.

ஆகவே நம் தோழர்கள் நடத்தும் மாலை வகுப்புகளில் நான்கு வேலைகளைத் தொடங்கலாம் என்று முன்மொழிகிறோம்.

ஒன்று, வெப்பப் பதிவேடு. விலை மலிவான ஒரு வெப்பமானியும் ஈரப்பதமானியும் போதும். வீடு, வகுப்பறை, அம்மாவின் வேலைத்தலம் என்று பிள்ளைகள் ஓராண்டு எழுதட்டும். நாளை நிவாரணம் கேட்கப் போகும்போது அதுவே நம் ஆவணம்.

இரண்டு, கண்மாய் வரைபடம். வரத்துக்கால், மடை, கலுங்கு, ஆயக்கட்டு ஆகியவற்றோடு சேரியின் இருப்பிடத்தையும் வரையட்டும். எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, வெள்ளம் முதலில் எந்தத் தெருவுக்கு வருகிறது என்று அதில் குறிக்கட்டும்.

மூன்று, பொறுப்புக் கணக்கு. தம் வீட்டு மின்கட்டணத்தையும் எரிபொருளையும் கணக்கிட்டு, நகரத்து வசதியான வீடு ஒன்றின் கணக்கோடும் பணக்கார நாடுகளின் கணக்கோடும் ஒப்பிடட்டும். ‘நாம் கெடுத்தோம்’ என்ற வரியைத் தாங்களே திருத்தி எழுதட்டும்.

நான்கு, மூன்று வழக்குகளையும் ஒரே வாரத்தில் வாசிப்பது. அந்த வாரத்துக்கு ஆசிரியராக மருந்து அறையில் வேலை செய்த ஒருவரை அழைக்க வேண்டும். அவர் இழக்கும் நாள் கூலியை மதிப்பூதியமாகத் தர வேண்டும். கற்பிப்பது வேலை என்றால் அதற்கும் கூலி உண்டு.

தோழர்களே, நம் முன்னோர் குளத்தில் இறங்கியபோது தாகத்துக்காக மட்டும் இறங்கவில்லை. இது எல்லாருடைய நீர் என்ற உண்மையை ஊருக்குக் கற்பிக்க இறங்கினார்கள். இன்று காற்றும் மழையும் வெயிலும் எல்லாருடையவை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவற்றின் கேடு மட்டும் இன்னும் எல்லாருக்கும் சமமாக வரவில்லை. அதை எண்களோடும் வரைபடத்தோடும் சட்டத்தோடும் சொல்லத் தெரிந்த ஒரு தலைமுறையை இந்தக் கரிசலில் உருவாக்குவோம். அடுத்த ஆண்டு இதே நாளில் அந்த வெப்பப் பதிவேட்டை இந்த மேடையில் பிள்ளைகளே வாசிக்கட்டும். நாம் கீழே அமர்ந்து கேட்போம்.

ஜெய்பீம்.